சென்சார் இல்லை, ஷட்டர்தான்

எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் மேலே கால்வாசிக்குக் கறுப்புப் பட்டை. இதுதான் என் டிஎஸ்எல்ஆருக்கு வந்த கோளாறு. மும்பை ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் ஒரு கடையில் காட்டினால், கவுண்டரில் இருந்தவர் லென்ஸைக்கூடக் கழற்றாமல் "சென்சார் போச்சு, போர்டோடு மாத்தணும்" என்று, அதாவது படத்தைப் பதிகிற சில்லே போச்சு என்று, ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு நல்ல செகண்ட்ஹேண்ட் பாடியே கிடைக்கும். கூடவே கொண்டுபோயிருந்த அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா பென்டாக்ஸ் கே1000-க்கு "பேட்டரி மாத்திப் பாருங்க" என்றார் பாருங்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கே1000-இல் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற திரையான ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது, பேட்டரியே போடாவிட்டாலும் அடிக்கும். கேனான் ஏஇ-1 மாதிரி எலக்ட்ரானிக் ஷட்டர் என்றால் 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அசையாது, அங்கே அந்தப் பதில் பொருந்தும்.

சயானுக்குத் திரும்பி வந்து நானே பார்த்தேன். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ போட்டால் மிரர் தூக்கி, ஷட்டர் திறந்தே இருக்கும், சென்சார் பார்ப்பதை அப்படியே ஸ்க்ரீனில் காட்டும். அதில் படம் முழுசாக, பளிச்சென்று இருந்தது, வீடியோவும் சுத்தம், ஃபோட்டோ எடுத்தால் மட்டும் பட்டை. அப்படியானால் சென்சாரில் என்ன குறை இருக்க முடியும்? ஒன்று மட்டும் கவனம்: ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். சிங்க் ஸ்பீடை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகிற அதிகபட்ச ஷட்டர் வேகத்தைத் தாண்டி, பெரும்பாலும் 1/200-க்கு மேல், ஃபிளாஷ் அடித்தால் நல்ல கேமராவிலும் பட்டை விழும்.

கே1000-இல் நல்ல வெயிலில் எடுத்த படங்களில் ஒரு ஓரம் இருட்டு. ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸின் அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுசாகத் திறந்து, வெளிச்சமான ஜன்னலைப் பார்க்க வைத்து 1/1000-இல் அடித்தேன். வெளிச்சம் ஒரு பக்கம் பளிச்சென்று வந்து மறுபக்கம் போகப் போக மங்கியது. இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடும்போது நடுவில் மெல்லிய இடைவெளி கூடவே நகர வேண்டும். பின்திரை முன்திரையை எட்டிப் பிடித்துவிட்டால் அந்த இடைவெளி வழியிலேயே மூடிவிடும். மெதுவான வேகங்களுக்கு ஃபோனில் செகண்டுக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்து, ஷட்டர் திறந்திருக்கும் பிரேம்களை எண்ணலாம், 1/30 என்றால் 8 பிரேம் வர வேண்டும். ஷட்டர் திறப்பின் நடுவில் ஒரே புள்ளியைப் பார்த்து எண்ணுங்கள், இல்லையென்றால் திரை ஓடுகிற நேரமும் சேர்ந்து கணக்குத் தப்பும். எனக்கு 13 வந்தது. 1 செகண்டில் கிர்ர் என்று ஓடி பாதியில் நின்றே போனது, காய்ந்த பழைய எண்ணெய் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தயவுசெய்து அதில் டபிள்யூடி-40 ஸ்பிரே எண்ணெய் அடித்துவிடாதீர்கள், திரை வரை பரவி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அப்புறம் அதே வட்டாரத்தில் மாடியில் உட்கார்ந்து ஃபிலிம் கேமரா ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் போனேன். என் வீடியோவைப் பார்த்ததும், "ஸ்பிரிங்கை முறுக்கினால் நாலு மாசம்தான் ஓடும், முதல்ல சுத்தம் பண்ணணும்" என்று இந்தியில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது 1/1000-இல் ஓரம் வரை வெளிச்சம் ஒரே சீராக விழுகிறது. டிஎஸ்எல்ஆருக்கு வேறொரு இடத்தில் ஷட்டர் யூனிட் மட்டும் மாற்றினேன், முதல் கடை சொன்னதில் பாதிகூட ஆகவில்லை.

செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள் சீரியல் நம்பரையும் பாருங்கள். நிக்கான் டி750 கேமராக்களில் சிலவற்றுக்கு ஷட்டர் கோளாறால் படத்தில் நிழல் விழலாம் என்று நிக்கானே 2015 ஜூலையில் அறிவித்து, வாரண்டி முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று எழுத விடாதீர்கள். "லைவ் வியூ சரி, ஃபோட்டோவில் பட்டை" என்று எழுத வையுங்கள். கழற்றிய பழைய யூனிட்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், முதல் கடையில் நான் கட்டிய அந்தப் பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.