மழைக் கணக்கும் பூக் கணக்கும்

பிப்ரவரி 22, 2025, சனி

மழைமானியில் இன்றைக்கும் ஒன்றுமில்லை. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஆபீசில் காலையில் நுழைந்ததும் எனக்கு முதல் வேலை அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது. தைப்பூசம் கழிந்ததிலிருந்து பூஜ்யம் பூஜ்யமாகத்தான் விழுகிறது. இப்படியே போனால் குலை குறையும் என்று மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எனக்கோ உள்ளுக்குள் கொஞ்சம் குஷி.

மகள் கைப்பேசியில் ஜப்பான் சகுரா படங்களைக் காட்டி, "நாமும் ஒரு தடவை போகலாம் லா மா" என்றாள். போகலாம், பணம் இருந்தால். ஆனால் மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட்டிலும் பூக்காலம் ஒன்று உண்டு. அதைக் காட்டாமல் அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதாக இல்லை.

இங்கே குளிர் போய் வசந்தம் வருவதில்லை. செம்பருத்தி பன்னிரண்டு மாதமும் பூக்கும். தேசியப் பூவாக இருந்தும் அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய மரங்கள் வேறு ரகம். சில வாரம் வெயில் சுட்டெரித்தால் பூப்பவை சில. வெயிலில் மொட்டு கட்டி, மழை விழுந்த பிறகே வாய் திறப்பவை சில. மழைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவளுக்கு இது சௌகரியம். இந்த வருஷம் இரண்டையும் சேர்த்தே எழுதப்போகிறேன்.

மார்ச் 1, சனி

அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கோலகங்சார் போய் வந்தோம். வழியில் சிறுதோட்டக்காரர்களின் பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை பழுத்து நிற்கின்றன. செம்பு நிறம், ஆரஞ்சு, ஒன்றிரண்டு மரங்களில் நல்ல சிவப்பு. காற்று ஒன்று வந்தால் காடே சலசலவென்று கொட்டுகிறது. வெளிநாட்டில் இதைப் பார்க்கக் காசு கட்டிப் போகிறார்கள். அம்மாவுக்கு இதில் அழகு எதுவும் தெரியவில்லை. "எல விழுற காலம்னா பால் கொறையும். கையில காசு விழாது" என்றார். பால் வெட்டியவர் வேறு எப்படிப் பார்ப்பார்?

இலை கொட்டி முடிந்ததும் புதுத் தளிரோடு பூவும் வரும். வெளிறிய மஞ்சளில் பொடிப்பொடியாக, கொத்துக் கொத்தாக. பக்கத்தில் போனால்தான் இனிப்பான வாசம் தெரியும். யாரும் பறிப்பதில்லை, தேனீக்கள் மட்டும் விடுவதில்லை.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைக் காட்டினேன். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது சொற்பம். மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதில் ஒன்பதை பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ இந்த ஊரில் நட்டார். அந்த ஒன்பதில் மிஞ்சியது இந்த ஒரு மரம்தான். நம் பாட்டன் பூட்டனைக் கப்பல் ஏற வைத்தது இந்த வம்சம் என்றேன். அம்மா வேலிக்கு வெளியே நின்று அடிமரத்தை மேலும் கீழும் அளந்தார். "இந்தப் பருமனுக்கு ஒழுங்கா வெட்டினா எம்புட்டுப் பால் வரும்!"

மார்ச் 12, புதன்

எங்கள் செம்பனைக் காட்டுச் சாலை இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது. இரு பக்கமும் டர்னெராச் செடி. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், அதன் அடியில் கருப்புப் பொட்டு. காலையில் வெயில் ஏறும்போது விரிந்து, மதியத்துக்குள் சுருண்டுவிடும். மேனேஜர் பங்களா வேலி முழுக்கக் கொடிரோஜா, இளஞ்சிவப்பாக. வருகிறவர்கள் எல்லாம் தோட்டத்தை அழகுபடுத்தியிருக்கிறோம் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அழகுக்காக எந்தத் தோட்டமும் ஒரு காசு செலவழிக்காது. செம்பனைக்குப் பெரிய எதிரி பைப்புழு. காய்ந்த இலைத் துண்டுகளால் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு ஓலையில் தொங்கியபடி தின்று தீர்க்கும். அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகள் இருக்கின்றன. குளவிக்குத் தேன் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பூக்கள். ஆக, இவையும் செலவுக் கணக்கில் பூச்சிக் கட்டுப்பாட்டின் கீழ்தான் வருகின்றன, நானே எழுதுகிறேன்.

செம்பனையே பூக்கும் என்று என் மகளுக்கு இன்றுதான் தெரிந்தது. ஓலை மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஆண் பூங்கொத்து ஒன்றை, குலை வெட்டும் பங்களாதேசத்துத் தம்பி அறுத்துக் கொடுத்தார். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் கதிர்கள், அவற்றின் மேல் மாவு தூவிய மாதிரி வெளிர்மஞ்சள் பூ. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அசல் சோம்பு வாசம். அதன்மேல் கடுகை விடக் கொஞ்சம் நீளமான வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. மகள் கையை உதறினாள். கடிக்காது என்று சொல்லிப் பிடிக்க வைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டியபோதுதான் கதை வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் அவருக்குத் தோட்டத்தில் பெண் பூவுக்குத் தூள் அடிக்கும் வேலை. ஆண் பூவின் மகரந்தத்தைக் காயவைத்து, சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து கொடுப்பார்களாம். முள்ளுக்கு நடுவே கையை விட்டு, பெண் பூ எங்கே விரிந்திருக்கிறது என்று தேடித் தேடி அடிக்க வேண்டும். விரிந்து இரண்டு மூன்று நாள் தாண்டினால் வீண். முழங்கை வரை கீறல். தலையில் முண்டாசு கட்டியும் சாயங்காலம் முடியெல்லாம் வெள்ளையாக வருவார்களாம்.

பிறகு 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து முதலில் ஜொகூர் குளுவாங்கில் விட்டார்கள். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அங்கே பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் சுமந்தது இந்த வண்டுதான், காற்று மட்டுமில்லை. மரத்தை மட்டும் கொண்டுவந்து வண்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அது வந்த கொஞ்ச காலத்திலேயே நாடு முழுக்கப் பரவி, தூள் அடிக்கும் வேலையே இல்லாமல் போனது.

"நல்லதுதானே பாட்டி, முள்ளு குத்தாதுல்ல?" என்றாள் மகள்.

"நல்லதுதான். அப்புறம் எங்களை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிட்டாங்க" என்றார் அம்மா. வண்டு ஒன்று மேஜையில் விழுந்து நடந்தது. அதைச் சுண்டித் தள்ளினார்.

மார்ச் 16, ஞாயிறு

ஈப்போ. தெக்கோமா மரம் பூத்துவிட்டது என்று என் வீட்டுக்காரரின் தங்கை படம் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் ரோஸ், வெள்ளை, சில மரத்தில் இலையே தெரியவில்லை. இதைத்தான் பேஸ்புக்கில் 'மலேசிய சகுரா' என்று எழுதித் தள்ளுகிறார்கள். சகுராவுக்கும் இதற்கும் சொந்தமே கிடையாது. இது மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், பூவும் ஒலிபெருக்கிக் குழாய் வடிவம். நல்ல வெயில் காய்ந்தால் பூக்கும், அவ்வளவுதான். காரை நிறுத்தும் இடமில்லாத சாலை நடுவில் நட்டிருப்பதால், நின்று பார்க்க முடியாத பூ என்ற குறை எனக்கு உண்டு.

நின்று நிதானமாகப் பார்க்க காகிதப்பூதான் சரி. ஈப்போவில் அதற்குப் பஞ்சமே இல்லை. வண்ணமாகத் தெரிவது பூ இல்லை, பூவைச் சுற்றிய இலை என்று மகளுக்குக் காட்டினேன். மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே மெல்லிய குழலாக நிற்கும் வெள்ளைதான் பூ. வீட்டில் தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி இலையாக வளர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் காயப் போட வேண்டும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஈப்போ மரம் இருக்கிறது, ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். அதன் பாலைத்தான் பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்பில் தடவுவார்கள். டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் அம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டார். 1969-இல் காலமான அந்த ஈப்போ வழக்கறிஞரைப் பற்றித் தாத்தா சொன்னதையெல்லாம் அவருக்கு வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது. பூவைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

மார்ச் 20, வியாழன்

வெயில். சாலையோரத்து செண்டுடுக் புதர்களுக்கு மருந்தடித்துவிட்டார்கள். ஊதாப் பூவும் கருநீலப் பழமுமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். வேலைப் பட்டியலில் 'களை' என்றுதான் இருக்கிறது. அதை டைப் செய்ததும் நான்தான்.

மார்ச் 27, வியாழன்

கொட்டிவிட்டது! மூன்று மணிக்கு வானம் கருத்து, ஆபீஸ் தகரத்தில் பேச்சுக் கேட்காத மழை. வெப்பமானி 34-இலிருந்து மளமளவென்று 25-க்கு இறங்கியது. மேனேஜர் வாசலில் நின்று சிரித்தார்.

நான் நாட்காட்டியில் ஏப்ரல் 5-ஐ வட்டம் போட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டவரிடம், "பூப் பூக்கும், பாருங்கள்" என்றேன்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். கடைகள் மூடி, டவுன் வெறிச்சென்று கிடக்கிறது. நாலு நாளைக்கு முன் பெய்த மழைக்கு அங்சானா மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்திருக்கின்றன. தமிழ்நாட்டு வேங்கையின் நெருங்கிய சொந்தம் இது. ஆள் உயரக் கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் என்பதால் மலேசியப் பட்டணங்களில் இதை நடாத தெருவே கிடையாது. பூ ஒரே நாள்தான். மற்ற நாளாக இருந்தால் துப்புரவு வண்டி விடியும் முன் கூட்டிப் போயிருக்கும். இன்றைக்குக் கூட்ட ஆளில்லை. சாலை, கார் கூரை, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு எங்கும் மஞ்சள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் வீட்டுக்குப் பெருநாள் பலகாரம் சாப்பிடப் போனபோது, எங்கள் காலில் ஒட்டிய பூ அவர் வீட்டுக் கம்பளம் வரை வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. ரெண்டாங் கறியும் லெமாங் மூங்கில் சோறும் இன்னும் வயிற்றில் கிடக்கிறது.

ஏப்ரல் 5, சனி

விடியற்காலையில் ஜன்னலைத் திறந்ததும் வாசம் வந்தது. பழைய கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீட்டுக்கு முன்னால் உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் கிளை எல்லாம் வெள்ளை. புறா ஆர்கிட். மொட்டு கட்டி முடித்து அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். திடீர் மழையில் ஐந்தாறு டிகிரி இறங்கினால் அதற்கு அடையாளம் கிடைத்த மாதிரி. அங்கிருந்து ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் விரியும், மறுநாள் வாடிவிடும். நாலு காசுக்கு விற்க முடியாத ஆர்கிட். கண்காட்சிக்கு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த பூ இந்த நாட்டில் இல்லை.

மகள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். வெண்பூவின் உள்நாக்கில் ஒரு கோடு மஞ்சள். "தேதி எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மழைப் புத்தகத்தைக் காட்டினேன்.

சரி, கிளம்பியே தீருவோம் என்று தைப்பிங்குக்கு வண்டியை எடுத்தோம். அந்த ஏரிப் பூங்கா ஈயம் தோண்டிய பள்ளங்களில் 1880-களில் உருவானது. கரையில் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலாகக் கையை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. தீபகற்பத்தில் அதிக மழை பெறும் பட்டணம் அது. கிளை முழுக்கப் பெரணியும் பாசியும். அவற்றுக்கு நடுவே இங்கேயும் புறா ஆர்கிட் விரிந்திருந்தது! அன்றைய மழை மலை தாண்டி அங்கேயும் இறங்கியிருக்க வேண்டும். கீழே ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மகள் மட்டும் ஆளாளுக்கு நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சீனத் தாத்தா அவளிடம் மாண்டரினில் நெடுநேரம் ஏதோ விளக்கினார். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்குச் சித்திரை ஒன்று. எதிர்வீட்டுச் சேச்சிக்கு விஷு. கனி வைக்கக் கொன்றைப் பூ வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார். கோயில் பக்கத்துக் கொன்றை சரம் சரமாகத் தொங்குகிறது. பூசாரியிடம் சொல்லிவிட்டு மகள் கொக்கி கட்டிய கழியால் பறித்தாள். கீழே சேச்சி முந்தானையை விரித்து நின்றார். பாதி இதழ் முந்தானையில், பாதி தலையில். எங்கள் வீட்டுக்கும் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு மல்லிகைதான் பூ. கொன்றையைச் சாமிக்கு வைக்கலாம், தலைக்கு ஆகாது என்கிறார்.

கனி வெள்ளரி டவுனில் எங்கும் கிடைக்கவில்லை. சேச்சி இப்போது பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போயிருக்கிறார், கொன்றை எங்கள் வீட்டு வாளியில் நிற்கிறது.