பலனை எதிர்பாராதே என்று யார் சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மசாலாத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி நெருங்கினால் ஆர்டர் குவியும்; பொட்டலம் கட்டும் பெண்கள் இருட்டும் வரை நிற்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சம்பள உறையைப் பிரித்துப் பார்த்த ஓர் அக்கா, "ஓவர்டைம் காசு எங்க தம்பி?" என்றார். மேலாளர் முந்திக்கொண்டார்: "கடமையைச் செய்யணும்க்கா, பலனை எதிர்பார்க்கக் கூடாது. கீதையிலேயே இருக்கு." அக்கா பேசாமல் போய்விட்டார். கீதை என்று வந்த பிறகு யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்தச் சுலோகம் போர்க்களத்தில், வில்லைக் கீழே போட்டுவிட்ட அர்ஜுனனிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் தேரோட்டி; அர்ஜுனனுக்குத் தர வேண்டிய கூலி எதையும் அவர் பிடித்துவைத்திருக்கவில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் அது மனசுக்கு நல்லது. காசைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் அது வேறு காரியம். மாதக் கடைசியில் லாபக் கணக்கு கேட்கும் முதலாளிக்கு யாரும் அந்தச் சுலோகத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற ரோமர் 13ஆம் அதிகாரத்து வசனத்தை நிறவெறி அரசு தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது. 1985இல் வெளியான கைரோஸ் ஆவணத்தில் இங்குள்ள இறையியலாளர்களே அதைக் கண்டித்தார்கள்.

சரி, விஷயம் யூனியன் பிரதிநிதியிடம் போனது. அவரும் தமிழர், கோயில் வகுப்பில் குறள் படித்தவர். "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்! வள்ளுவரே கூலியைக் குடுன்னு சொல்லிட்டார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள்வினையுடைமையில் வரும் அந்தக் குறள், தெய்வமே கைவிட்டாலும் உழைப்பு வீண்போகாது என்று தைரியம் சொல்வது. சம்பள பாக்கியைப் பற்றியது அல்ல. காசை வாங்கிக் கொடுத்தது 1997ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம்: வாரம் 45 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்குக் கூலி, அதுவும் தொழிலாளி சம்மதித்தால்தான், அந்த ஓவர்டைமும் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருகைப் பதிவேட்டை வைத்துக் கூட்டிக் காட்டினேன். பாக்கி வந்தது.

அப்புறம் ஈஸ்டர் நேரம். காய்ச்சலோடு மேசையில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அதே பிரதிநிதி, "மெய்வருத்தக் கூலி தரும்மா, எழுந்திரு" என்றார். அதே சட்டத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்பும் உண்டு. நான் படிவத்தை எடுத்து நிரப்பினேன்; அவர் குறளுக்கு உரை சொல்லிக்கொண்டிருந்தார்.