சேலம் ஜில்லா பத்திரம், கிருஷ்ணகிரி பட்டா

தாத்தா பெயரில் இருந்த பட்டாவை ஒருவழியாக அம்மா பெயருக்கும் எங்கள் பெயருக்கும் மாற்றியாகிவிட்டது. வாரிசுச் சான்று, இ-சேவை மையத்தில் மனு எல்லாம் சுலபமாகத்தான் முடிந்தன. இழுத்தடித்தது மாவட்டத்தின் பெயர்.

தாத்தா நிலம் வாங்கியது 1961-ல். பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததே 1965 அக்டோபர் 2-ல்தானே! அப்புறம் வந்த பட்டாவில் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆதார், வரி ரசீது எல்லாவற்றிலும் இப்போது அதுதான்.

மனுவைப் பார்த்த எழுத்தர், "மூணு பேப்பர்ல மூணு மாவட்டம் இருக்கு. சேலத்துல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார். முழங்கால் வலியோடு அம்மா சேலம் வரை வந்தார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "ஊர் எந்த மாவட்டத்துல இருக்கோ அங்கதாங்க பட்டா. நாங்க எழுதித் தர இதுல ஒண்ணுமே இல்ல" என்றார். அம்மாவை அப்படி அலைய விட்டதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. மாநிலத்தைப் பிரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். மாவட்டத்தைப் பிரிக்க மாநில அரசின் ஆணையே போதும். அரசு தானே போட்ட ஆணையை, அதன் அலுவலகத்திலேயே நாம் நிரூபிக்க வேண்டுமா?

வழி காட்டியவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர். கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டின் நகலை எடுக்கச் சொன்னார். அதில் பழைய சர்வே எண்ணும் அதற்கு நேராகப் புது எண்ணும் இருக்கும். பத்திரத்தின் பழைய எண் அதோடு பொருந்தியது. செக்குபந்தியும், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளும், பொருந்தியது. உடனே அடுத்த கேள்வி: "பரப்பு வேற மாதிரி இருக்கே?" பத்திரத்தில் ஏக்கர், சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட். எங்கள் 2 ஏக்கர் 0.81 ஹெக்டேராக நின்றது. தாளில் கணக்குப் போட்டுக் காட்டியதும் மண்டல துணை வட்டாட்சியர் மறுபேச்சில்லாமல் உத்தரவிட்டார்.

வாய்மொழியாக "முடியாது" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தள்ளுபடி செய்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். வெறும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி, அந்தப் பக்கம் காரிமங்கலம், நல்லம்பள்ளி எல்லாம் பின்னால் பிரிந்த வட்டங்கள். அங்கே நிலம் இருந்தால் பழைய பட்டாவில் வேறு வட்டத்தின் பெயர் இருக்கும். மனு போடும்போது இப்போதைய வட்டத்தையே தேர்ந்தெடுங்கள். 'அ' பதிவேட்டு நகலை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.