12 கிலோ தக்காளி, 8 மூடி: ஊரடங்கு நாட்களின் பதப்படுத்தல் குறிப்புகள்

முதல் நாள்

கையிருப்பு: தக்காளி 12 கிலோ, முட்டைக்கோஸ் 2.3 கிலோ, அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒரு டஜன், புது மூடி எட்டே எட்டு. திட்டம் முழுக்க மூடிக் கணக்கைப் பார்த்துத்தான் போட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் இது புதுச் சிக்கலும் இல்லை. 2020இல் அமெரிக்காவில் வசந்த காலத்தில் ஈஸ்ட் கிடைக்கவில்லை; அறுவடை முடிந்து எல்லாரும் பாட்டிலில் அடைக்க உட்கார்ந்தபோது மூடி கிடைக்கவில்லை. ரப்பர் பூச்சுள்ள தட்டை மூடி ஒரு முறைக்குத்தான். இரண்டாம் முறை போட்டால் பிடித்ததுபோல் தெரியும், அலமாரியில் இருக்கும்போதே விட்டுவிடும்.

ஆகவே 6 கிலோ பாட்டிலுக்கு, 3 கிலோ உலர்த்த, 3 கிலோ பிரீசருக்கு. முட்டைக்கோஸ் உப்பில் புளிக்க.

தொடங்குமுன் ஒரே ஒரு விதி. மருத்துவமனைகள் நிரம்பி வழியும் காலத்தில் சாப்பாட்டில் குத்துமதிப்பு வேலை கூடாது. பயப்பட வேண்டியது கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நிறம், மணம் எதுவும் மாறாமலும் இருக்கலாம். காரகாடித்தன்மை அளவு (pH) 4.6க்குக் கீழே இருந்தால் முளைக்காது. பீன்ஸ், பட்டாணி, கேரட், இறைச்சி எல்லாம் இந்தக் கோட்டுக்கு மேலே நிற்பவை. அவற்றைப் பாட்டிலில் அடைக்க 116 டிகிரியை எட்டும் தனி அழுத்தக் கலன் வேண்டும். சமையல் பிரஷர் குக்கர் ஆகாது: சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், சோதித்த நேரக் கணக்குகள் அழுத்தக் கலனின் மெதுவான ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் போட்டவை. அந்தக் கலன் இல்லாத வீட்டில் இவை பிரீசருக்குத்தான்.

இரண்டாம் நாள்: பாட்டில்

தக்காளி அந்த 4.6 கோட்டின் மீதே நடமாடுவது. நன்கு பழுத்தது மேலே போய்விடும். அதனால் அரை லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அல்லது கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம். சாறு கடையில் பாட்டிலில் விற்பதாக இருக்க வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், பாட்டில் சாற்றில் அளவு நிலையானது. புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை சேர்க்கலாம், சாற்றைக் குறைக்கக் கூடாது.

30 முதல் 60 விநாடி கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, நறுக்கி, 5 நிமிடம் கொதிக்கவைத்து, சூடாகவே நிரப்புவது முறை. முதல் நான்கு பாட்டில்களில் மேலே சதை, கீழே தண்ணீர் என்று பிரிந்து நின்றது. கெட்டுப்போகவில்லை, பார்க்கத்தான் நன்றாக இல்லை. தக்காளியை நறுக்கிய கணத்திலேயே அதிலுள்ள நொதி பெக்டினை உடைக்கத் தொடங்குகிறது. மொத்தத்தையும் நறுக்கி முடித்து அடுப்பில் ஏற்றுவதற்குள் கெட்டித்தன்மை போய்விடுகிறது. அடுத்த நான்குக்குக் கால் பங்கை மட்டும் நறுக்கி நறுக்கி நேரே சூடான பாத்திரத்தில் போட்டு மசித்து, அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபோது பிரியவில்லை.

விளிம்புக்குக் கீழே 1.25 செ.மீ. காலி விட்டு, குமிழிகளை மரக்குச்சியால் வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து, தட்டை மூடியைப் பிடிக்கும் திருகு வளையத்தை விரல் பலத்துக்கு மட்டும் இறுக்க வேண்டும். முறுக்கி இறுக்கினால் உள்காற்று வெளியேற வழியில்லாமல் மூடி வளையும். பாட்டிலுக்கு மேல் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க, நன்கு கொதி வந்த பிறகு 35 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் 40, 900க்கு மேல் 45, 1800க்கு மேல் 50. உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால்தான் இந்தக் கூடுதல்.

அடுப்பை அணைத்ததும் பாட்டிலை வெளியே எடுத்ததில் இரண்டில் சாறு இறங்கிவிட்டது. மற்றவற்றை 5 நிமிடம் அப்படியே விட்டு எடுத்தபோது இறங்கவில்லை. (சூடான பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் மூடி பிடித்துவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிடிக்கும், உள்ளே இருப்பது பதப்பட்டிருக்காது.)

மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பார்த்ததில் ஏழு உள்வாங்கி இருந்தன, ஒன்று பிடிக்காமல் டிக் டிக் என்றது. விளிம்பில் ஒரு விதை ஒட்டியிருந்தது. அது குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது.

மூன்றாம் நாள்: உலர்த்தல்

காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் வெயிலை நம்பக் கூடாது. துண்டு காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். மின் உலர்த்தியில் 60 டிகிரி, துண்டு 6 மி.மீ. சூட்டைக் கூட்டி அவசரப்பட்டால் வெளிப்புறம் தோல்போல் இறுகி உள்ஈரத்தைச் சிறைவைக்கும். 3 கிலோவிலிருந்து கிடைத்தது ஏறக்குறைய 180 கிராம். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர் என்பது தராசில்தான் உறைக்கிறது.

காய்ந்ததும் கட்டி வைக்கக் கூடாது. ஜாடியில் முக்கால் அளவுக்கும் குறைவாகப் போட்டு ஏழு முதல் பத்து நாள் தினமும் குலுக்க வேண்டும். ஈரத்துண்டிலிருந்து காய்ந்த துண்டுக்கு ஈரம் பரவிச் சமமாகும். மூன்றாம் நாள் கண்ணாடியில் ஆவி படிந்தது. உடனே திரும்ப உலர்த்தியில், இரண்டு மணி நேரம். உலர்ந்த தக்காளியைப் பூண்டோடு எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கும் ஆசை வரும். வேண்டாம். எண்ணெய்க்குள் பூண்டு என்பது காற்றில்லாத, புளிப்பில்லாத இடம். பொட்டுலினம் கேட்பது அதைத்தான்.

நான்காம் நாள் முதல்: முட்டைக்கோஸ்

மூடியே கேட்காத முறை இது. வெளி இலையும் தண்டும் போக 2 கிலோ, உப்பு 45 கிராம், அதாவது எடையில் 2.25 சதவீதம். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது; ஒரே கரண்டியில் பொடியுப்பும் கல்லுப்பும் எடையில் வெகுவாக வேறுபடும். உப்புக் குறைந்தால் கொழகொழத்து நாறும், மிஞ்சினால் புளிக்கவே தயங்கும்.

நன்கு பிசைந்து அழுத்தியும் மறுநாள் வரை சாறு மேலே வரவில்லை. அதே விகிதத்தில் உப்புக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறிய நீர் சேர்த்தாயிற்று. முட்டைக்கோஸ் நீருக்குள் அமிழ்ந்திருக்க எடைக்கு வைக்கும் நெகிழிப் பையிலும் உப்புநீரையே நிரப்ப வேண்டும். பை கசிந்தாலும் விகிதம் கெடாது. இரண்டாம் நாள் நுரை பொங்கி வழிந்தது; ஜாடியில் 10 செ.மீ. காலி விட்டிருக்க வேண்டும்.

21 முதல் 24 டிகிரியில் மூன்று நான்கு வாரம் ஆகும். இங்கே பகலில் 27 வரை போனதால் வேகமாகப் புளித்தது, மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்தது. பத்தாம் நாள் மேலே மெல்லிய வெள்ளை ஏடு: காம் ஈஸ்ட், வழித்தெடுத்தால் போதும். இளஞ்சிவப்பு நிறமோ, பஞ்சுபோன்ற பூஞ்சையோ, வழவழப்போ வந்தால் ஜாடியோடு குப்பைக்கு.

பிரீசரும் தண்ணீரும்

மீதி 3 கிலோ தக்காளி தோலுரித்து பிரீசரில், வேறு வேலையே இல்லை. மின்சாரம் போனால் நிறைந்த பிரீசர் திறக்காமல் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. உள்ளே ஒரு குவளை உறைந்த நீரின் மேல் நாணயம் வைத்திருக்கிறது. நாணயம் அடியில் கிடந்தால், வெளியே போய் வந்த நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அரிசி, மாவுப் பைகளை மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், இரண்டு வாரத்துக்கு 56 லிட்டர். தெளிந்த நீருக்கு, மணமூட்டாத 5 சதவீத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம். தரை, கைப்பிடி துடைக்க அதே பிளீச் 20 மி.லி., தண்ணீர் 980 மி.லி. காய்கறியை இதிலோ சோப்பிலோ கழுவத் தேவையில்லை, ஓடும் நீர் போதும். ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரை பிளீச்சோடு ஒரே அலமாரியில் வைத்திருந்தது இப்போது மாற்றியாயிற்று. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. பிளீச் ஓராண்டுக்குள் வீரியம் இழக்கும், வாங்கிய தேதியைப் பாட்டிலில் எழுதியிருக்கிறது.