கிரியோன் ஆண்ட ஊர்

ஏதென்ஸில் அக்ரோபொலிஸின் தெற்குச் சரிவில் இருக்கிறது மதுக்கடவுள் டயோனிசஸின் நாடக அரங்கம். முன்வரிசையில் பெரிய மனிதர்களுக்கான சலவைக்கல் ஆசனங்கள். நடுநாயகமாக டயோனிசஸின் பூசாரிக்கு ஒன்று: கால்கள் சிங்கப்பாதம், கைப்பிடியின் பக்கவாட்டில் சிறகு முளைத்த சிறுவன் சேவலைச் சண்டைக்கு விடுகிறான். கி.மு. 5ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் சோபோக்ளிஸ் காலத்தில் இந்தக் கல்லெல்லாம் கிடையாது, மரப்பலகைதான்.

இங்கே நடந்த டயோனிசஸ் விழாவில், நட்பு நகரங்கள் செலுத்திய கப்பப் பணத்தை நாடகத்துக்கு முன் அரங்கின் நடுவே கொண்டுவந்து காட்டும் வழக்கம் இருந்தது. கி.மு. 443-442இல் அந்தக் கப்பக் கருவூலத்தின் பொறுப்பாளர்களில் சோபோக்ளிஸும் ஒருவர். பிறகு ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸுடன் தளபதியாகவும் இருந்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எழுதியதுதான் 'ஆண்டிகனி': தீப்ஸ் அரசன் கிரியோனின் தடையை மீறித் தன் அண்ணன் பாலினைசஸைப் புதைக்கத் துணிந்த பெண்ணின் கதை. சோபோக்ளிஸ் அதிகாரத்தின் உள்கூடத்தில் புழங்கிய ஆள்.

அதனால்தான் கிரியோன் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறான். அரியணை ஏறியதும் முதல் பேச்சிலேயே, ஆட்சியில் உட்காரும்வரை ஒருவனுடைய மனம் இன்னதென்று தெரியாது என்கிறான். தன்னை அளக்கும் கோலைத் தானே எடுத்துக் கொடுக்கிறான், பாவம்! கொஞ்ச நேரத்தில் காவலன் ஓடிவந்து, புதைக்கக் கூடாதென்று அரசன் தடுத்த பாலினைசஸ் உடலின்மேல் யாரோ மண் தூவிவிட்டதாகச் சொல்கிறான். உடனே கிரியோன், "காசு வாங்கியிருக்கிறீர்கள்" என்கிறான். ஆண்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்ட மகன் ஹேமோன் ஊர்ப்பேச்சை எடுத்துச் சொன்னால், பெண்ணுக்கு அடிமைப்பட்டவன் என்று ஏச்சு. கடைசியில் குறிசொல்லும் டைரீசியஸ். "உங்கள் சொல்லை நான் மீறியதே இல்லை" என்று அந்தக் கிழவரிடம் பணிவாகத் தொடங்கியவன், அவர் சொன்னது பிடிக்காமல் போனதும் குறிசொல்லும் கூட்டமே பணத்தாசை பிடித்தது என்று பாய்கிறான். கெட்ட சேதி கொண்டுவருகிறவன் எல்லாம் விலைபோனவன். கொடுமையைவிட இந்தச் சந்தேகம்தான் எனக்குக் கிரியோனின் அடையாளம்.

மறுநாள் பஸ்ஸில் கிரியோன் ஆண்ட தீப்ஸுக்குப் போனேன். இன்றைய பெயர் தீவா. ஏழு வாயில் கோட்டை என்று மனத்தில் கட்டியிருந்ததெல்லாம் இறங்கியதும் கரைந்துவிட்டது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே, கம்பிவேலிக்குள், வெண்கலக் கால மைசீனியர்களின் அரண்மனையின் அடிச்சுவர்கள். தெற்கே எலெக்ட்ரா வாயிலின் இரு வட்டக் கோபுரங்களின் அடிப்பகுதி. அண்ணனின் உடலைத் தூக்க முடியாமல் ஆண்டிகனி இழுத்துச் சென்ற இடம் என்று ஒன்றை இங்கே காட்டினார்கள் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பவுசானியஸ் எழுதிவைத்திருக்கிறார். கதைக்கு ஊர்க்காரர்கள் முகவரி கொடுத்துவிட்டார்கள்!

பின்னாளில் எழுதியதாகக் கருதப்படும் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்திலும் கிரியோன் வருகிறான். அப்போது அவன் அரசியின் தம்பி மட்டுமே. அரசனுக்குரிய செல்வாக்கு இருக்கிறது, நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, எனக்கு எதற்கு அரியணை என்று கேட்கிறான். அங்கே ஆதாரமில்லாமல் சதிகாரன் பட்டம் கட்டுவது ஈடிபஸ், கட்டிக்கொள்வது இவன். ஆளை மாற்றினாலும் அரியணைக்குப் பக்கத்தில் அதே சந்தேகம்.

எனக்குக் கோபமெல்லாம் 'ஆண்டிகனி'யில் குழுப்பாடகர்களாக வரும் அந்த ஊர்ப் பெரியவர்கள்மேல். பிணத்தைப் புதைக்கக் கூடாது என்ற ஆணைக்கு, "எந்தச் சட்டமும் போட உனக்கு உரிமை உண்டு" என்றார்கள். அப்பனும் மகனும் மோதும்போது, இருவர் சொல்வதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்று கிரியோனே நடுங்கிக்கொண்டு கேட்ட பிறகுதான், போய், அடைத்துவைத்த ஆண்டிகனியை விடுவி என்கிறார்கள்.