1806-இன் உடுப்பு: ஒரு தையற்கடை நாட்குறிப்பு

ஜூன் 16

பள்ளி வரலாற்று ஆசிரியர் கடைக்கு வந்திருந்தார். ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சியைப் பற்றி மாணவர்கள் நாடகம் போடுகிறார்கள். மேடையில் ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கும்பெனியின் இந்தியச் சிப்பாய்கள், எதிர்ப்பக்கம் ஆங்கிலேயரின் 69-ஆம் ரெஜிமென்ட். "எல்லாருக்கும் சிவப்புச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் போதும், மாஸ்டர்" என்றார்.

சிவப்பு சரி, காக்கி கூடாது என்று சொல்லிவிட்டேன். 1806-இல் எந்தச் சிப்பாயும் காக்கி அணியவில்லை. அது வர இன்னும் நாற்பது ஆண்டுகள் போக வேண்டும். 1840-களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லையில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி தம் கைட்ஸ் படைக்கு மண்நிற உடை கொடுத்ததில்தான் அது தொடங்குகிறது. 1857-இல் வெள்ளை உடையை ஆங்கிலேயப் படைவீரர்கள் சேற்றிலும் தேநீரிலும் தோய்த்து மங்கலாக்கிக்கொண்டார்கள். காவல் துறை உடுப்புத் தைத்துப் பிழைக்கும் எனக்குக் காக்கி சோறு போடுகிறது. ஆனாலும் இந்த நாடகத்தில் அதற்கு இடமில்லை.

ஜூன் 20

சிவப்புத் துணிக்கு அலைந்தேன். கிடைத்ததெல்லாம் பளபளப்பான பாலியஸ்டர். அந்தக் காலத்துச் சிவப்புக் கோட்டு வேறு ரகம். கம்பளி நெசவை ஈரத்தில் போட்டு அடித்து, இழையே கண்ணுக்குத் தெரியாதபடி இறுக்கிய துணி அது. கத்தரி வைத்தால் ஓரம் பிரியாது. அதனால் பல இடங்களில் ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருக்கிறார்கள். சாதாரண வீரனுக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் சாயம். அதிகாரிக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளிச்சென்ற சிவப்பு. தூரத்திலிருந்தே யார் யார் என்று நிறத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். காலரும் கைப்பட்டியும் எந்த ரெஜிமென்ட் என்று காட்டும். 69-க்குப் பச்சை. வீரனுக்கு ஈயக் கலவைப் பொத்தான்.

குளிர்நாட்டுக் கம்பளியை வேலூர் வெயிலில் மாட்டிக்கொண்டு அணிவகுத்தார்கள் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. நம் சிப்பாய்க்கும் மேலே சிவப்புக் கம்பளிதான். ஆனால் இடுப்புக்குக் கீழே தொடையளவு வெள்ளை ஜாங்கியா, தலையில் தலைப்பாகை, நெற்றியில் அவரவர் குறி, காதில் கடுக்கன். பாதி கும்பெனிக்கு, பாதி ஊருக்கு. இந்த ஏற்பாட்டில்தான் அரை நூற்றாண்டாகச் சென்னைப் படை ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 25

சிப்பாய்களைக் கொதிக்கவைத்த உடுப்பு உத்தரவை ஆற அமர வாசித்தேன். புதுத் தலைப்பாகைக்கான ஆணை 1805 நவம்பரில் வந்தது. 1806 மார்ச்சில் அச்சான படை விதிகளில் ஒரு பத்தி சேர்ந்தது: சீருடையில் இருக்கும்போது சிப்பாய் சாதிக்குறி இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, அணிவகுப்பிலும் காவலிலும் மோவாயை மழித்திருக்க வேண்டும், மீசையின் அளவும் வடிவும் கூடியவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்.

உடுப்புக்கு அளவும் ஒழுங்கும் வேண்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன்; என் தொழிலே அதுதான். ஆனால் இந்தப் பத்தியில் துணியே இல்லை. நெற்றி, காது, மோவாய், மேலுதடு. நான்கும் உடம்பு. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மழித்த முகத்தை எங்கே கழற்றி மாட்டுவது? இஸ்லாமியச் சிப்பாய்க்குத் தாடி மார்க்கத்தோடு சேர்ந்தது. திருநீறோ திருமண்ணோ இட்டவன் அதை அழித்துவிட்டுத்தான் காவலுக்குப் போக வேண்டும். இதை எழுதியவர்கள் பொத்தான் வரிசையைச் சரிசெய்கிற நினைப்பில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அங்கேதான் வருகிறது.

ஜூன் 30

தலைப்பாகைக்கு உட்கார்ந்தேன். பழையது துணியைச் சுற்றிக் கட்டுவது; புதியது தொப்பியைப் போல விறைப்பாக நிற்பது. பக்ரம் என்ற விறைப்புத் துணியை வளைத்து உருவம் கொடுத்து, மேலே துணி ஏற்றினேன். முன்பக்கத்தில் தோலாலான ஒரு பட்டைப்பூ, அதாவது பூப்போல மடித்த வட்டச் சின்னம், வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வந்த துண்டுத்தோல் கடையில் இருந்தது. வட்டமாக வெட்டி, ஈரப்படுத்தி, விரலால் மடிப்பு மடிப்பாக ஒடுக்கி, நடுவில் ஊசியால் துளையிட்டு மெழுகு நூலால் இறுக்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பொருள். காய்ந்த பிறகும் விரலில் தோல் வாடை போகவில்லை.

அந்த வாடையோடுதான் சிப்பாய் அதைத் தலையில் வைத்திருப்பான். பசுத்தோலா பன்றித்தோலா என்று இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் எழ இந்தச் சிறு வட்டம் போதுமானதாக இருந்தது.

ஜூலை 2

அளவு பார்க்கப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் புதுத் தலைப்பாகையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "நன்றாகத்தானே இருக்கிறது, மாஸ்டர்? இதற்கா இவ்வளவு பெரிய சண்டை?" என்று கேட்டான்.

அவனை உட்காரவைத்துச் சொன்னேன். அன்றைக்குத் தொப்பி போட்டவன் என்றால் ஊர்க்கண்ணுக்கு வெள்ளைக்காரன், இல்லையென்றால் கிறித்தவன். படையிலேயே மேளக்காரர்கள் தொப்பி அணிந்தார்கள். அவர்களில் பலர் ஐரோப்பியக் கலப்பினர், மதம் மாறியவர்கள். சிப்பாயோ குடும்பஸ்தன். வேலூரில் பலருடைய பெண்டாட்டி பிள்ளைகள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் இருந்தார்கள். இந்தத் தலையோடு அவன் அந்தத் தெருவில் நடக்க வேண்டும். உறவுக்காரன் தண்ணீர் கொடுப்பானா, பெண்ணுக்கு வரன் வருமா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. "தொப்பி அழகா இல்லையா என்று யாரும் சண்டை போடவில்லை, தம்பி. நாளைக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் சண்டை" என்றேன். பையன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

ஜூலை 5

ஆசிரியர் எழுதிய நாடகத்தில் மே மாதம் இல்லவே இல்லை. நேரே ஜூலைக்குப் போய்விடுகிறது. அதைச் சேர்க்கச் சொன்னேன். 1806 மே மாதம் இதே வேலூரில் சென்னைப் படையின் 4-ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இரண்டாம் பட்டாளத்தார் புதுத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். 21 பேரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குத் தலைக்கு 900 கசையடியும் பணிநீக்கமும். மற்ற 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். எச்சரிக்கை இதைவிடத் தெளிவாக எப்படி வரும்? ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடக்கிறது என்று நேரிலேயே போய்ச் சொன்னார். அவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள்.

ஜூலை 7

இரவு ஒத்திகை முடிந்ததும் வாக்குவாதம். இது திப்புவின் மகன்கள் மூட்டிய தீ, உடுப்பு வெறும் சாக்கு என்றார் ஆசிரியர். திப்புவின் குடும்பத்தைக் கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். 9-ஆம் தேதி அவருடைய மகள் ஒருத்திக்குத் திருமணம். கலகத்தன்று திப்புவின் கொடியும் ஏறியது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. கலகத்துக்குப் பிறகு அமைத்த விசாரணைக் குழுவும் இரண்டையும் காரணமாகச் சொன்னது. ஆனால் வாலாஜாபாத்திலும் ஐதராபாத்திலும் இதே உத்தரவுக்கு எதிராகச் சிப்பாய்கள் குமுறினார்களே, அங்கே எந்தத் திப்பு மகன் இருந்தான்? அரச குடும்பம் இருந்ததால் வேலூர்க் கோபத்துக்கு ஒரு கொடி கிடைத்தது. கோபம் சிப்பாயின் சொந்தக் கோபம். அதை அவனிடமிருந்து பிடுங்கி இளவரசர்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜூலை 10

காலையில் மக்கான் அருகே உள்ள நினைவுத்தூணுக்குப் போய்விட்டுக் கடையைத் திறந்தேன்.

மறுநாள் காலையில் அணிவகுப்புப் பயிற்சி என்பதால் சிப்பாய்களை 9-ஆம் தேதி இரவு கோட்டைக்குள்ளேயே தங்கச் சொல்லியிருந்தார்கள். பேட்டைக்குப் போக வேண்டியவர்கள் துப்பாக்கியோடு உள்ளே இருந்தார்கள். விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு தொடங்கியது. உள்ளே சுமார் 1,500 சிப்பாய்கள். 69-ஆம் ரெஜிமென்ட்டின் நான்கு கம்பெனிகள். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையரைச் சிப்பாய்கள் படைவீட்டுச் சன்னல் வழியாகச் சுட்டார்கள். மருத்துவமனையில் நோயாளிகளையும் விடவில்லை. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் மாண்டார். 69-இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ரோலோ கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி 19-ஆம் குதிரைப்படையோடு வந்தார். கயிற்றைப் பிடித்து மதிலேறி, எஞ்சியிருந்தவர்களைத் திரட்டி, பீரங்கியால் கதவை உடைக்கவைத்தார். பிறகு நடந்தது படுகொலை. அரண்மனைப் பக்கம் ஒதுங்கிய சிப்பாய்கள் நூறு பேர் அளவில் இருந்தவர்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில்.

நோயாளிகளைக் கொன்றதை நாடகத்தில் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆசிரியர் விடவில்லை, அவருக்கு என் நன்றி. நாடகம் நன்றாக நடந்தது. ஒரு பொத்தான்கூடத் தெறிக்கவில்லை.

ஜூலை 13

உடுப்புகள் துவைத்து வந்தன. தேய்த்து அடுக்கும்போது மனம் அதன்பின் நடந்ததையே சுற்றியது. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள். கோட்டையிலிருந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. உடுப்பு உத்தரவையும் அதே மாதம் திரும்பப் பெற்றார்கள். மே மாதமே அந்தக் காகிதத்தைக் கிழித்திருந்தால் இத்தனை உயிரும் மிஞ்சியிருக்கும். 1807-இல் கிராடக்கையும் பெண்டிங்க்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால் கிராடக் பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கு ஆளுநர். பெண்டிங்க் 1828-இல் தலைமை ஆளுநராகவே இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஆசிரியர் அடுத்த ஆண்டுக்கும் கேட்டிருக்கிறார். இந்த முறை 69-க்கும் சரியாகச் செய்யப்போகிறேன். அந்த வெள்ளைக்கார வீரனின் கழுத்தில் விறைப்பான தோல்பட்டை இருந்தது, தலையைக் குனியவிடாது. முடியைக் கொழுப்பும் மாவும் தடவிப் பின்னலாகக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பின்னலை வெட்டிவிட 1808-இல்தான் அனுமதி கிடைத்தது. உத்தரவு அவன் தலையிலும் ஏறியிருந்ததைப் பார்ப்பவர்கள் காண வேண்டும். கழுத்துப்பட்டைக்குத் தடித்த தோல் வேண்டும் என்று ராணிப்பேட்டைக்காரரிடம் இன்றே சொல்லிவைத்துவிட்டேன்.