புழு இல்லாத மீன்

மீனின் வயிற்றைக் கிழித்துப் புழு எண்ணுவதுதான் என் வேலை என்றால் கேட்பவர் முகம் கோணும். முன்பெல்லாம் கூச்சமாக இருந்தது; இப்போது அந்தக் கோணலுக்காகவே சொல்கிறேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு இரண்டு தட்டு மீன் வந்தது. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே நீளம். முதல் தட்டு ஆற்றின் மேல்பகுதியில் பிடித்தது. மற்றது கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்தது. மேல்பகுதி மீன்களின் குடலில் தட்டைப்புழுக்கள் நெளிந்தன. கீழ்ப்பகுதி மீன்களின் குடலோ துடைத்துவைத்தது போல இருந்தது. குறிப்பேட்டில் 'ஆரோக்கியமான மீன்கள்' என்று எழுதினேன். வழிகாட்டி அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "நத்தைகள் எங்கே போயின?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வகைத் தட்டைப்புழு நேராக மீனுக்குள் வந்துவிடுவதில்லை. முதலில் அதற்கு ஒரு நத்தை வேண்டும். நத்தையிலிருந்து வெளிவரும் வாலுள்ள இளம் புழு, நீரில் நீந்தும் கொஞ்ச நேரத்துக்குள் அடுத்த ஓம்புயிரை, அதாவது தான் ஒட்டி வாழும் உயிரை, பிடித்தாக வேண்டும். நச்சுநீரில் நத்தையும் மடியும், நீந்தும் இளம் புழுவும் மடியும். நீர் அமிலமானால் நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பும் கிடைக்காது. எனக்குத் தூய்மையாகத் தெரிந்த அந்தக் குடல், உண்மையில் காலியான ஓர் ஆற்றின் அடையாளம்.

அதைவிடப் பெரிய தவறு, நான் செவுளைப் பார்க்கவே இல்லை. அன்றே கீழ்ப்பகுதி மீன்களின் செவுளைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பல்சக்கரம் போன்ற டிரைக்கோடினா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணிகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. இவற்றுக்கு நத்தையும் வேண்டாம், இடைத்தரகரும் வேண்டாம். மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தாவும். சாக்கடையில் பாக்டீரியா பெருகினால் இவற்றுக்கு விருந்துதான். ஒரே மீனில் ஒரு கணக்கு பூஜ்யம், இன்னொன்று எண்ணி மாளாதது. எந்த ஒட்டுண்ணி குறைந்தது, எது கூடியது என்று சேர்த்துப் படித்தால்தான் பொருள் வரும். அப்போதும் பருவம், மீனின் வயது, அது தின்னும் இரை ஆகியவை குழப்பும்.

என் பிரியத்துக்குரியது முட்தலைப்புழு. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. கொக்கிகள் நிறைந்த தலையை மீனின் குடல்சுவரில் புதைத்துக்கொண்டு உடல்தோலாலேயே உறிஞ்சி வாழ்கிறது. ஜெர்மனியின் ரூர் ஆற்றில் பிடித்த சப் என்னும் மீன்களில் இந்தப் புழுக்களை ஆராய்ந்து 1994-இல் ஒரு கட்டுரை வந்தது. மீனின் தசையைவிடப் புழுவில் ஈயம் சுமார் 2,700 மடங்கு. ஆற்றுநீரைவிடச் சுமார் 11,000 மடங்கு! சுழியங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். கல்லீரலிலிருந்து பித்தநீரோடு குடலுக்கு வரும் ஈயத்தைப் புழு வழியிலேயே மறித்துக்கொள்கிறது. புழு இல்லையென்றால் அதில் ஒரு பங்கு திரும்பவும் மீனின் உடலுக்குள் போயிருக்கும். புழு தொற்றிய சப் மீன்களின் திசுக்களில் ஈயம் குறைவாக இருந்ததை ஆய்வகச் சோதனைகளிலும் கண்டார்கள். அதற்காகப் புழுவை மீனின் நண்பன் என்று சொல்லமாட்டேன். குடலில் அது போட்டிருக்கும் ஓட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

நீரையே சோதித்தால் போதாதா என்று கேட்பார்கள். நீர் மாதிரி, அதை எடுத்த நொடியைப் பற்றித்தான் பேசும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலையில் அங்கே இருக்காது. புழுவோ வாரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறது.

ஆனால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. இழுத்தால் தலை குடல்சுவரிலேயே தங்கிவிடும். தலையில் உள்ள கொக்கிகளை எண்ணாமல் இனத்தை உறுதிசெய்ய முடியாது. முதல் மாதம் எனக்குக் கிடைத்தவை எல்லாம் முண்டங்களே. இப்போது சுற்றியுள்ள திசுவை ஊசியால் பொறுமையாகப் பிரித்தெடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, ஆய்வகக் குளிர்பெட்டியில் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். காலையில் தானே தலையை நீட்டிக்கொண்டு கிடக்கும். மூடியில் 'உணவு அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுதாமல் விட்ட ஒரு நாள் நடந்ததை இங்கே சொல்லப்போவதில்லை.